கேமராவைத் திருப்பு

எனக்கு ஏமாறுவது பிடிக்காது. ஏமாறாமல் இருந்தாலும் நஷ்டம் வரும் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் வேலை. நாள் முழுக்க விரிப்பேன், மடிப்பேன். (வாங்காமல் போகிறவர்களைப் பார்த்தும் சிரிக்க வேண்டுமாம். எனக்கு அது வராது.) சின்ன வயதில் டீச்சராக ஆசைப்பட்டேன். படிப்பு ஏறவில்லை. ஆசை மட்டும் போய்த் தொலையவில்லை.

அப்போதுதான் இணையத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கண்ணில் பட்டது. இலங்கை மலையகத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் பேசச் சொல்லித்தர ஆள் வேண்டும்; பட்டம் தேவையில்லை. படத்தில் தேயிலைச் சரிவு, பனிமூட்டம், தகரக் கூரைப் பள்ளிக்கூடம். அன்றைக்கே ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். ஈசூனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டுப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, “குட் மார்னிங், சில்ட்ரன்” என்று சொல்லிப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. சுகமாகத்தான் இருந்தது.

நான் இருப்பது அக்கா வீட்டில். பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள் என்றதும் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், எகிறினார்.

“ஸ்கேம் லா இது! லிஃப்ட்ல போலீஸ் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் படிக்கிறதே இல்லையா நீ?”

“வீடியோல பேசிப் பாத்துடுவோம்” என்றாள் அக்கா. மாப்பிள்ளை வீட்டாரை விசாரித்துப் பழகியவள். (விசாரித்தே எனக்கு வந்த வரன்களை எல்லாம் விரட்டியவள்.)

மறுமுனையில் செல்வராணி என்ற இளம்பெண். அந்தப் பள்ளியிலேயே டீச்சர். அக்கா ஆரம்பித்தாள்.

“எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றாரு? கல்யாணம் ஆயிடுச்சா?”

பாவம், அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டமாகப் பாடம் சொல்லும் சத்தம். அதைக் கேட்டதும் திரையை இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். அத்தான் காதருகே வந்தார்.

“ரெக்கார்டிங்கா இருக்கும்.”

அதோடு என் புத்தி கெட்டது.

“கேமராவைத் திருப்பு. பிள்ளைங்களைக் காட்டு.”

“அது முடியாதுங்க அக்கா. தெரியாதவங்களுக்குப் பிள்ளைகளைக் காட்ட மாட்டோம்.”

“இருந்தாத்தானே காட்டுவே! யாருகிட்ட கதை விடுறே? போலீசுக்குப் போவேன்!”

கடையில் கத்திப் பழகிய குரல். பாடம் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் ஒரு பொடிக் குரல் கேட்டது.

“யாரு டீச்சர் அது?”

ரெக்கார்டிங் கேள்வி கேட்காது.

“யாருமில்ல கண்ணு” என்றாள் செல்வராணி. இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பரவாயில்லை, வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று மரியாதையாகப் பதில் வந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளைகளை முகம் தெரியாதவர்களுக்குக் காட்டாத இடம்தான் நம்பத் தகுந்த இடம் என்பது அதற்கப்புறம்தான் இந்த மண்டையில் ஏறியது.

இப்போது எங்கள் வீட்டில் யார் வீடியோவில் அழைத்தாலும் என்னைக் கிண்டலடிக்க, “கேமராவைத் திருப்பு! பிள்ளைங்களைக் காட்டு!”தான். அத்தான் மீன்கடைக்காரரிடம்கூட, “மீனைக் காட்டு, போலீசுக்குப் போவேன்” என்கிறார். ரெக்கார்டிங் என்று ஓதியது யார் என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

போன வாரம் அக்கா மகள் புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள தன் வீட்டிலிருந்து அழைத்தாள்.

“சித்தி, கேமராவைத் திருப்பு!”

திருப்பினேன். மழை விட்ட நேரம். ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கின் அடுக்குமாடி வெள்ளையாக மங்கி, கொஞ்சம் மலை மாதிரி இருந்தது.

“யாரு சித்தி இருக்கா அங்க?”

“யாருமில்ல கண்ணு.”

கேமரா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், நான் ஸ்வெட்டர் போட்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.