நான் தப்பாகப் பாடிய பஞ்சமம்

என் ஆயுளில் நான் ஒரே ஒரு தடவைதான் நடித்தேன். அதுவும் பிரமாதமாக நடித்தேன். அதற்குக் கிடைத்த பரிசு, இருபத்தாறு வருஷம் பெண் குழந்தைகளுக்குச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா தைக்கச் சொல்லிக் கொடுத்தது. நடிப்பு ஆசை உள்ளவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபது வயது. ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிக டீச்சர். கோடை விடுமுறையில் சேலத்தில் பாட்டு டீச்சர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி நடக்கும், அதில் தேறி சர்ட்டிபிகேட் வாங்கி வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஜூன் மாதம் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பாட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். எனக்குத் தறியும் வரவில்லை (நான் சுற்றிய நூலை அப்பா பிரித்து மறுபடி சுற்றுவார், அதுவும் என் கண் எதிரிலேயே). பாட்டு மட்டும் கேட்ட மாத்திரத்தில் வந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, தலைக்கு மேல் கர்வம்.

"போயிட்டு சர்ட்டிபிகேட்டோட வா சாமி" என்று அப்பா பஸ் ஏற்றிவிட்டார். "நெரந்தரம்னு ஆயிட்டா நானும் நாலு பேருகிட்டத் தல நிமிந்து பேசுவனில்ல."

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் பயிற்சி. ஓட்டுக் கூரை, மே மாதம். பதினெட்டு டீச்சர்களும் ஸ்வரம் எழுதக் கொடுத்த நோட்டால் விசிறிக்கொண்டே இருந்தோம். பயிற்சி கொடுத்தவரைப் பெரிய வாத்தியார் என்போம். ஞானஸ்தர். ஆனால் மேலதிகாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வேர்த்துவிடும்.

ஒவ்வொரு டீச்சரும் நிஜமான குழந்தைகளை உட்கார வைத்து மாதிரிப் பாடம் நடத்த வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மே மாதத்தில் குழந்தைக்கு எங்கே போவது? எல்லாம் லீவுக்கு அப்பிச்சி, அம்மாயி என்று தாத்தா பாட்டி ஊருக்குப் போய்விட்டன. பெரிய வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருத்தி பாடம் நடத்துவாள், மீதிப் பதினேழு பேரும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளாக நடிப்போம். மேலிடத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் மட்டும் நிஜக் குழந்தைகள் தினமும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நாடகத்தில் நான்தான் நட்சத்திரம். எந்த வகுப்பிலும் சுருதியில் நிற்காத குழந்தை ஒன்று இருக்குமல்லவா, அந்த வேஷத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரெட்டைச் சடை போட்டு சிவப்பு ரிப்பன் கட்டினேன். சிலேட்டு வைத்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சினேன். சுருதிப் பெட்டி ஊத ஊத, ஸரிகமப-வில் வரும் 'ப'வை, அந்தப் பஞ்சமத்தை, ஒரு நூல் கீழே பிடித்து அங்கேயே அசையாமல் நின்றேன். (செய்து பாருங்கள். நல்ல சுருதி ஞானம் உள்ளவர்களுக்குத்தான் அது முடியும். இதை நான் சொல்லி யாரும் இன்றுவரை நம்பியதில்லை.) எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே எனக்கு நெருக்கமானவள் ஆத்தூர் கமலவேணி அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் சம்பளத்தை நம்பித்தான் ஆத்தூரில் அவள் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். கடைசி வாரத்தில் அவளுடைய முறை வந்தது.

"பழனி, ஒரே ஒரு தடவை பஞ்சமத்தைத் தப்பாப் பாடு. நான் திருத்தினதும் சரியாப் பாடிடு. ரொம்ப ஆடாதே" என்றாள்.

"செரிங்கக்கா" என்றேன்.

பாடம் ஆரம்பிக்கும் நேரத்தில் வாசலில் ஒரு கார் நின்றது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பெரிய வாத்தியார் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த அம்மாள் ஹாலைச் சுற்றிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவரும் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, கையை என் பக்கம் காட்டினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ் மேடம்' வரைக்கும்தான். என் நடிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்து, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

அவர் சொன்னது என்னவென்று பிறகு தெரிந்தது. 'குழந்தைகள் எங்கே' என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். 'இன்று குழந்தைகளுக்கு விடுமுறை, பாடவே வராத டீச்சர்களுக்குத் திருத்தப் பாடம் நடக்கிறது' என்று இந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்.

பாடம் தொடங்கியது. நான் பஞ்சமத்தை இறக்கினேன். கமலவேணி கரும்பலகையில் படிக்கட்டு வரைந்து, ஒவ்வொரு படியாக ஏறச் சொல்லித் திருத்தினாள். பேசி வைத்தபடி நான் அப்போதே ஏறியிருக்க வேண்டும். ஆனால் அதிகாரி பார்க்கிறார், பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், சனியன் என் நாக்கில் உட்கார்ந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி. ஐந்து தடவை. கமலவேணிக்கு வேர்த்து ஊற்றியது, கண்ணால் கெஞ்சினாள். ஆறாவது தடவை போனால் போகிறதென்று சுத்தமாகப் பஞ்சமத்தில் போய் நின்றேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் எழுந்தே விட்டார்.

"அற்புதம். எவ்வளவு பொறுமை உங்களுக்கு" என்று கமலவேணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, என் ரிப்பனை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை நாளா இந்தக் குரலை வெச்சுக்கிட்டா குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்க மேடம், நான் நடிச்சனுங்க."

"வெக்கப்பட வேண்டாம். எல்லாருமா பிறக்கும்போதே பாடறாங்க?"

"நெசமாலுமேங்க. வாத்தியாரைக் கேளுங்க."

பெரிய வாத்தியார் சுருதிப் பெட்டியின் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பதினாறு பேரும் நோட்டால் விசிறிக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்றேன்.

கமலவேணி விரலில் இருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள். "மொதல்ல ரொம்ப மோசமா இருந்தாங்க மேடம். இப்பப் பரவாயில்லை" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் சொல்லவும் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, அந்த ரெட்டைச் சடையோடேயே, ஒரு கீர்த்தனையை முழுசாகப் பாடினேன். ஸ்வரமும் போட்டேன். விசிறிக்கொண்டிருந்த நோட்டெல்லாம் நின்றுவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பாடியதில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பாடி முடித்ததும் நேராகக் கமலவேணியிடம் போனார்.

"பத்தே நிமிஷத்துல இந்தப் பெண்ணை இப்படி மாத்திட்டீங்களே" என்றார்.

கமலவேணிக்கு முதல் வகுப்பு. என் பெயருக்கு எதிரே, 'இப்போதுதான் திறமை தெரிய ஆரம்பித்திருக்கிறது, அடுத்த கோடையில் மறுபடி வரலாம்' என்று குறிப்பு. அடுத்த கோடையில் பயிற்சியே நடக்கவில்லை.

ஜூன் மாதம் என் இடத்துக்குச் சர்ட்டிபிகேட் உள்ள வேறு ஆள் வந்தாள். வேறு யார், நிரந்தர வேலை என்று ஆத்தூரிலிருந்து வந்த கமலவேணிதான். தலைமையாசிரியை இரக்கப்பட்டு எனக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார். "நூலு வேண்டாம்னு போயி நூலுக்கே வந்துட்டயே சாமி" என்றார் அப்பா.

முதல் நாள் கமலவேணி என் வகுப்புக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு தங்கச்சிங்க, பழனி" என்றாள். "தெரியுங்கக்கா" என்றேன். நான் மன்னித்துவிட்டதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் பஞ்சமத்தை ஒரு நூல் கீழேயே பாடும். அவளுக்கு அது கேட்காது. எனக்குக் கேட்கும். ஊசி விரலில் ஏறும். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இருபத்தாறு வருஷம் யோசித்தேன்.

என் கல்யாணத்துக்கும் அவள் வந்தாள். பந்தியில் உட்கார்ந்து, "இவளைப் பாட வெச்சதே நான்தான்" என்று என் வீட்டுக்காரரிடம் கதை முழுவதையும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்ப ஆரம்பித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான் என்று அன்றே அவரிடம் சொன்னேன். நம்பினார். நம்பினால் கேலி செய்யக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? ரசம் நன்றாக இருந்தால், "கமலவேணி டீச்சர் சொல்லிக் குடுத்ததாக்கும்?" என்பார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் கோலம் அழகாகப் போட்டாலும் கமலவேணி டீச்சர், பேத்தியைத் தூங்க வைத்தாலும் கமலவேணி டீச்சர். என்றைக்காவது ரசத்தில் உப்பு கூடிவிட்டால் மட்டும் யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை. அது நான் வைத்த ரசம்.