ஈரல் ஆருக்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கிருந்த வேலை ஒன்றுதான். ஆட்டீரல் வாங்க வேண்டும்.

இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை எடுத்தேன்.

அப்போது நான் புங்குடுதீவில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். சீனிக்குத் தட்டுப்பாடான காலம். தராசின் முள் நேராக நில்லாமல் ஒரு கடதாசிச் சரையைக்கூட நான் கட்டிக் கொடுத்ததில்லை.

அப்படி முள்ளைப் பார்த்துப் பார்த்து நிற்க, ஒருநாள் முள் இரண்டாகத் தெரிந்தது. பிறகு கடையே சுற்றியது. அப்போதிக்கரி ஐயாவிடம் போனேன். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"என்ன காணும், இதுக்குள்ள இரத்தத்தையே காணேல்லை!"

இரும்புச்சத்துக் குறைவாம். இரும்புக் குளிசை தந்தார்.

குளிசையில் ஒரு பிழையும் இல்லை. என் வயிறுதான் பிழை. அடுத்த நாள் கடை நிறையச் சனம் நிற்க, சீனி நிறுத்துக்கொண்டிருந்த நான் அள்ளுகிற கரண்டியும் கையுமாகப் பின்வளவுக்கு ஓடினேன்.

"அண்ணை, சீனி தராசில நிக்குது! எங்க போறியள்?" என்று கியூவில் நின்ற நல்லம்மா அக்கா கத்தினார்.

சொல்லக்கூடிய இடத்துக்கா போனேன்!

திரும்பி வந்தால் தராசுத் தட்டில் எறும்பு. எறும்பை ஊதினேன். ஊதினதில் பறந்த சீனிக்கு ஈடாகக் கொஞ்சம் போட்டேன். முள் நேராக நின்றது. என்னால்தான் நிற்க முடியவில்லை. மறுபடி ஓட்டம்.

குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்த்தேன். உடைத்துப் பாதி போட்டுப் பார்த்தேன். பாதிக் குளிசைக்கும் முழு ஓட்டம்தான்.

"அப்ப குளிசையை விடும்," என்றார் அப்போதிக்கரி ஐயா. "சாப்பாட்டால பிடிப்பம். முருங்கையிலை, எள்ளு, குரக்கன் எல்லாம் சாப்பிடும். மேல தேசிக்காய் புளிஞ்சு விடும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிறதை விட்டிடும். எல்லாத்திலும் திறம் ஈரல்தான்."

இரத்தம் ஆறுதலாக ஊறட்டும் என்று இருக்கவும் ஏலாது. மகள் மலருக்குக் கலியாணம் பேசி நாள் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வேலணை. அரசாங்க உத்தியோகம். சடங்கன்று நான் விரதத்தோடு மணவறையில் நின்று பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் சுருண்டு விழுந்தால் சபை என்ன சொல்லும்?

என் மனைவி புவனத்துக்கு அதைவிடப் பெரிய பயம்.

"இஞ்சாருங்கோ, இரத்தம் குறைவெண்டு வெளியில மூச்சு விடாதேங்கோ. வருத்தக்காரக் குடும்பம் எண்டு கதை போனால், மாப்பிள்ளையின்ரை தாய் கலியாணத்தையே குழப்பிப் போடுவா."

ஓம் என்றேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமான வேலை.

எங்கள் பக்கத்தில் ஆட்டிறைச்சி பங்குக்குத்தான் கிடைக்கும். ஞாயிறு காலையில் மரியதாஸ் வளவில் கிடாய் அடிப்பார்கள். இறைச்சி, எலும்பு, குடல், ஈரல் எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துப் பனையோலையில் குவியல் குவியலாக வைப்பார்கள். ஆளுக்கு ஒரு குவியல். ஒவ்வொன்றிலும் விரல் அளவு ஈரல். ஒருவருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசு பிடிக்கிறவனுக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு கிடையாது. அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

மரியதாசின் காதுக்குள் சொன்னேன்.

"தம்பி, எனக்கு ஈரல் மட்டும் போதும்."

மரியதாசுக்குக் காதால் போட்டது உடனே வாயால் வரும்.

"என்ன! ஈரல் முழுக்க அண்ணைக்கோ?"

வளவில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிடாயின் தலைகூட என்னைத்தான் பார்த்தது.

"அதெப்பிடி? பங்கெண்டால் பங்குதானே!" என்றார் ஒருவர்.

"என்ரை இறைச்சியை எடுங்கோ. எலும்பையும் எடுங்கோ. ஈரலைத் தாங்கோ," என்றேன்.

பண்டமாற்று நடந்தது. என் தொடையிறைச்சி ஒருவருக்கு, விலா எலும்பு இன்னொருவருக்கு, குடல் வேறொருவருக்கு. என் குவியல் கரையக் கரைய ஈரல் சேர்ந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தன் துண்டை விடவில்லை.

"தாறன். ஆனா ஆருக்கெண்டு சொல்லும்."

எனக்குத்தான் என்று சொன்னால் வீட்டுக்குப் போக ஏலாது. பொய் சொல்லவும் வராது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "வீட்டில கேட்டவை," என்றேன்.

அது பொய் இல்லை. ஈரல் வாங்கி வரும்படி புவனம் வீட்டில் வைத்துத்தான் கேட்டாள்.

"வீட்டில எண்டால்? மகளுக்கோ?"

எனக்கு வெட்கம் வந்தால் தலை தானாக ஆடும். அன்றைக்கு அது எந்தப் பக்கம் ஆடியதென்று எனக்கே தெரியாது. ஆனால் ஈரல் துண்டு கைக்கு வந்தது.

மரியதாஸ் பொட்டலத்தைக் கட்டி, மேலே ஒரு துருப்பிடித்த ஆணியைச் செருகினார்.

"இறைச்சியோட தனிய போறியள். பேய் பின்னால வரும். இரும்பிருந்தால் கிட்ட வராது."

உடம்பில் இல்லாத இரும்பு கையில் கிடைத்தது!

மத்தியானம் ஈரல் கறியை ஆசையோடு கடித்தேன். கடக்கென்று ஒரு சத்தம். வாய்க்குள் ஆணி!

"புவனம், இது பேய்க்கு வைச்ச ஆணியல்லோ!"

"தெரியும். உங்களுக்கும் இரும்புதானே வேணும் எண்டு கழுவிப்போட்டுக் கறிக்குள்ள போட்டனான்."

இரும்பு ஏறியதோ தெரியாது. கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை போனது.

மறுநாள் கடையில் நல்லம்மா அக்கா தராசுத் தட்டில் ஒரு மாதுளம்பழத்தை வைத்தார்.

"இதைப் பிள்ளைக்குக் குடுங்கோ. இரத்தம் ஊறும்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"மறைக்காதேங்கோ அண்ணை. ஊருக்கே தெரியும்."

பின்னால் நின்றவர் அனுதாபத்தோடு கேட்டார்: "மலர் படுத்த படுக்கையாமே?" அதற்குப் பின்னால் நின்றவர்: "நாளும் தள்ளிப் போட்டாச்சாம்."

"இல்லை, இல்லை," என்றேன். எனக்கு உரத்து இல்லை சொல்ல வராது. மெதுவாகச் சொல்லும் இல்லையை எங்கள் ஊர் ஓம் என்றுதான் எடுக்கும்.

பின்னேர பஸ்ஸில் மாப்பிள்ளையின் தாயார் வந்து இறங்கினார். புவனம் முற்றத்தில் கதிரை போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை.

"மலர் எங்க?"

மலர் வந்தாள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, கால் கழுவத் தண்ணி அள்ளித் தாரும்."

மலர் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் கொடுத்தாள். அவர் ஒரு காலைக் கழுவினார். "இன்னொண்டு." மற்றக் கால். "இன்னொண்டு." மறுபடி முதற்கால். வாளி போகிறது, வருகிறது. அவர் காலைப் பார்க்கவே இல்லை. மலருக்கு மூச்சு வாங்குகிறதா என்றுதான் பார்த்தார். புவனம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்க்கதை ஒன்றும் அறியாத மலர் கடைசியில் வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மாமி, உங்களுக்கு இன்னும் எத்தினை கால் கிடக்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கலியாணம் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்டது சிரிப்புச் சத்தம்.

"பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை," என்று தாயார் வந்து கதிரையில் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த ஈரல் ஆருக்கு?"

புவனம் என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன். தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

"தலையை ஆட்டாமல் வாயால சொல்லுங்கோ!" என்றார் தாயார்.

"எனக்கு," என்றேன். "எனக்குத்தான் இரத்தம் குறைவு. குளிசை வயித்துக்கு ஒத்துக்கொள்ளேல்லை. சடங்கண்டு மணவறையில விழுந்திடுவனோ எண்டு பயத்தில ஈரல் வாங்கினனான்."

ஒரே மூச்சில் நான் அவ்வளவு நீளமாக அதற்கு முன் பேசியதில்லை.

"அட, உங்களுக்கோ!" அவர் நெஞ்சில் கை வைத்தார். "நான் பயந்து போனன். நாங்கள் என்ன, உங்களையே பொம்பிளையாக் கூட்டிக்கொண்டு போகப்போறம்?"

புவனத்துக்கு உயிர் வந்தது. தேத்தண்ணி வைக்கக் குசினிக்கு ஓடினாள்.

போகும்போது தாயார் குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "விழுறதெண்டால் விழுங்கோ, அண்ணை. ஆனா தாரையை வார்த்துப் போட்டு விழுங்கோ."

ஈரலோ முருங்கையிலையோ, ஏதோ ஒன்று வேலை செய்தது. சடங்கன்று நான் விழவில்லை.

விழுந்திருந்தாலும் தெரிந்திராது, அந்த நேரம் எல்லாரும் தாலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.