புகை மாஸ்டரும் பின்சீட்டு கியரும்

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஓடிய வண்டிகளை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். புகை மாஸ்டர் கை வைத்தவை ஒரு வகை. அவர் கையில் சிக்காமல் தப்பியவை இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் அதிக நாள் ஓடியது என்று சிலர் சொல்வார்கள். வயிற்றெரிச்சல்காரர்கள். முதல் வகை வண்டி கொடுத்த குஷியில் கால்வாசிகூட இரண்டாவது வகை கொடுத்ததில்லை என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

மாஸ்டர் என்றதும் மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். அனுப்பர்பாளையத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரிப்பார், அட்டையில் வெட்டிய அளவை மேலே வைப்பார், கோடு போடுவார், வேறு யாரையும் தொடவிடாத தன் பெரிய கத்தரியை எடுத்து வெட்டுவார். அது பிழைப்பு. உயிர் முழுக்க எஞ்சினில்தான் இருந்தது. பார்க்கிற வண்டிக்கெல்லாம் இலவச வைத்தியம் சொல்வார். கேட்டால் ஒரு தடவை சொல்வார், கேட்காவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்வார்.

எஞ்சினுக்கு நாடி பார்ப்பது அவருக்குப் புகையில். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகமாகப் போகிறது. நீலப் புகை என்றால் உள்ளே ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது. இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? மனிதர் டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு, போகிற பஸ்ஸின் பின்னாலேயே ஓடுவார்.

"டிரைவரண்ணா! நீலமுங்க! ரிங்கு போயிருச்சுங்க! இப்பவே பாத்துப்போடுங்க!"

டிரைவர் என்னவோ ஏதோ என்று பயந்து பிரேக் அடிப்பார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுவார்கள். மாஸ்டர் நிம்மதியாகத் திரும்பி வந்து ஆறிப்போன டீயைக் குடிப்பார். டீக்கடைக்கார அக்கா அடுப்பு மூட்டினால் அதற்கும் குனிந்து பார்த்து, "காத்துப் பத்தலீங்கக்கா, வெறகைக் கொஞ்சம் தூக்கி வையுங்க" என்பார். அக்கா கரண்டியைத் தூக்கினதும் கிளம்பிவிடுவார்.

டியூனிங் என்று ஒரு வித்தை அவருக்குத் தெரியும். கம்பெனி ஜெனரேட்டரை ஒருநாள் டியூன் பண்ணினார். "பாவம் மொதலாளி, அரைத் தூக்கத்துல ஓடுது, எழுப்பி உடறேன்" என்று ஸ்குரூவை இரண்டு திருகு திருகினார். கரண்ட் போனது, ஜெனரேட்டர் எழுந்தது. சும்மா எழவில்லை, சாமி வந்து எழுந்தது. தையல் மெஷின்கள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி பறந்தன. "மாஸ்டரண்ணா, மெஷின் கையை இழுக்குது!" என்று பெண்கள் கத்தினார்கள். முதலாளி முகத்தில் ஒரு பிரகாசம். இப்படியே ஓடினால் தினமும் இரண்டு நாள் வேலை ஆகிவிடுமே! அவர் அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பல்புகள் வரிசையாக வெடித்தன.

எங்கள் ஊரில் திட்டுவதற்கும் மரியாதை உண்டு. முதலாளி இருட்டில் நின்றுகொண்டு, "ஏனுங்க மாஸ்டர், உங்களுக்குக் கிறுக்கு ஏதாச்சும் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மொதலாளி. அரைத் திருகு அதிகமாப் போச்சுங்க."

வெல்டிங் கதை தனி. பக்கத்தில் பாத்திரப் பட்டறை. அங்கே போய்க் கெஞ்சி வெல்டிங் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட வேகத்தில் தன் மொபெட்டுக்கு எவர்சில்வர் சொம்பில் ஒரு சைலன்சர் செய்து பற்றவைத்தார். வண்டி கிளம்பினால் சொம்புக்குள் யாரோ உட்கார்ந்து உறுமுகிற மாதிரி இருக்கும். தெருநாய்கள் அவரைத் துரத்தவில்லை. அவர் வருகிற சத்தம் கேட்டதுமே வழிவிட்டு ஒதுங்கி நின்றன.

பட்டறைக்காரர் மட்டும் விடாமல் சொல்வார்: "மாஸ்டர், மேலாப்புல இழுத்தாப் பத்தாதுங்க. உள்ளுக்குள்ள ஒரு ஓட்டு ஓட்டோணும்."

"சாம்பிளுக்கு ஒத்தத் தையல் போதுமுங்க" என்பது மாஸ்டரின் பதில். இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இனி அம்பாசிடருக்கு வருவோம்.

முதலாளி ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தார். பெட்ரோல் வண்டி. அந்த நாளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவது ஊரெல்லாம் பரவியிருந்த ஆசை. மாஸ்டருக்கு அது ஆசை இல்லை, காய்ச்சல். எங்கோ நசுங்கிக் கிடந்த வேனிலிருந்து டீசல் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எஞ்சின் மாத்தறது கழுத்துப் பட்டி மாத்தற மாதிரிதானுங்க. பழசைப் பிரி, புதுசுக்கு அளவெடு, வெச்சுத் தை. முடிஞ்சுதுங்க!"

முதலாளி மசிந்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் அதுவரை அடுத்த கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதன்முதலாக ஒரு வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்க வந்தவர், கோயமுத்தூர் ஓட்டலில் தங்கியிருக்கும்போது சாம்பிள் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். டி-ஷர்ட் சாம்பிள். பிடித்தால் ஆர்டர். "இது கெடச்சா நாமளும் எக்ஸ்போர்ட்டு. போச்சுன்னா ஆயுசுக்கும் கூலித் தையல்தான் கண்ணு" என்று முதலாளி என்னிடம் சொன்னார். அந்த ஓட்டல் வாசலில் சொந்தக் காரில், அதுவும் டீசல் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவர் கனவு.

மாஸ்டர் வேலையை ஆரம்பித்தார். எஞ்சின் உட்காரும் தாங்கிகளுக்கு, பனியனுக்கு வெட்டுகிற அதே அட்டையில் அளவு வெட்டினார். தையல் டேப்பால் அளந்தார். அந்த அட்டையை வைத்து இரும்புத் தகடு வெட்டி, பட்டறையில் கொடுத்து வாங்கி, பற்றவைத்தார். எங்கள் கட்டிங் டேபிள் முழுக்கக் கிரீஸ். நாங்கள் எல்லாரும் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தோம். செயின் கட்டி எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்கினபோது கம்பெனியே கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் பார்த்தோம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதனால் கியர் பாக்ஸும் பின்னால். அதனால் கியர் கம்பி முளைக்கிற இடம், நேராக முன்சீட்டுக்கு அடியில்!

மாஸ்டர் அட்டையை எடுத்தார். டேப்பை வைத்தார். ஒரு தடவை அளந்தார், இன்னொரு தடவை அளந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"என்னாச்சுங்க மாஸ்டர்?"

"சுருக்கத்துக்கு விட்டுட்டனுங்க."

பனியன் துணி தண்ணீரில் போட்டால் சுருங்கும். அதனால் கட்டிங் மாஸ்டர்கள் எந்த அளவு வெட்டினாலும் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்கள். அது யோசித்துச் செய்வதில்லை, கையே செய்துவிடும். இவர் கை எஞ்சின் தாங்கிக்கும் செய்திருந்தது.

முதலாளி குனிந்து தாங்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இரும்பு சுருங்குமுங்களா மாஸ்டர்?"

"அது... தொவைச்சுப் பாத்ததில்லீங்க."

மறுநாளே பையரைப் பார்க்க வேண்டும், பிரித்து மறுபடி செய்ய நேரமில்லை. மாஸ்டர் கியர் கம்பியோடு இன்னொரு கம்பியைப் பற்றவைத்து, சீட்டுக்கு அடியிலேயே வளைத்து, பின்சீட்டுக்கு முன்னால் வெளியே எடுத்தார். ஆக ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் முன்னால். கியர் மட்டும் பின்சீட்டில். உலகத்திலேயே இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டிய ஒரே கார் எங்களிடம்தான் இருந்தது.

"நாளைக்கு இதுல போகவேண்டாமுங்க. வாடகைக் கார் பாத்துக்கலாம்" என்று நான் சொன்னேன். மறுநாள் பெரிய முகூர்த்தம். ஊரில் இருந்த வாடகைக் கார் எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் படிக்கட்டில்கூடத் தொங்க இடமில்லை. சாம்பிள் அயர்னாகி வந்ததோ மதியத்துக்கு மேல். பையர் சாயங்காலம் விமானம் ஏறுகிறார்.

முதலாளி சாம்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில். பின்னால் மாஸ்டர், கையில் கியர், மடியில் துணி சுற்றிய கத்தரி. சாம்பிளில் நூல் பிசிறு இருந்தால் வெட்டுவதற்காம்!

நான் கிளட்சை மிதித்து, "செகண்ட்!" என்பேன். பின்னாலிருந்து "போட்டாச்சுங்க!" என்று வரும். அவிநாசி தாண்டுவதற்குள் எங்களுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. ஆனால் மாஸ்டருக்குச் சொந்த அபிப்பிராயம் இருந்தது.

"மாஸ்டர், தேர்ட்!"

"இருங்க தம்பி, செகண்டு நல்லாப் பாடிட்டு இருக்குது. பாட்டை அறுக்காதீங்க."

"ஏனுங்க, நேரமாச்சுங்க!" என்று முதலாளி அலறின பிறகுதான் தேர்ட் விழுந்தது. கருமத்தம்பட்டி மேட்டில் முன்னால் ஒரு லாரி கறுப்பாகப் புகை விட்டது. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கியரை விட்டுவிட்டு, ஜன்னலில் இடுப்பு வரை வெளியே போய், "அண்ணா, கறுப்புங்க! ஏர் பில்டரைத் தட்டுங்க!" என்றார். நான் கிளட்சை மிதித்தபடி "செகண்ட், செகண்ட்!" என்று கத்துகிறேன். கியர் போட ஆளில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்துவிட்டது. முதலாளி மாஸ்டரின் வேட்டியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்.

ஒருவழியாக மேடு ஏறி முடித்ததும், "மாஸ்டர், தேர்ட்!" என்றேன். 'டக்' என்று ஒரு சத்தம். கியர் விழவில்லை.

"மாஸ்டர், தேர்ட் போடுங்க!"

"தேர்டு எங் கையில இருக்குதுங்க தம்பி."

திரும்பிப் பார்த்தேன். கம்பி முழுசாகக் கழன்று அவர் கையில் வேல் மாதிரி நின்றது. ஒற்றைத் தையல் பிரிந்துவிட்டது!

வண்டியை ஓரம் கட்டினேன். முதலாளி இந்தத் தடவை திட்டவில்லை. பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போச்சு கண்ணு, எல்லாம் போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. பல்புகள் வெடித்தபோதுகூட அசராமல் நின்ற மாஸ்டர், முதல்முறையாகத் தலையைக் குனிந்தார்.

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு காருக்குள்ளேயே கீழே குப்புறப் படுத்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஒடிந்த இடத்தில் கியரின் அடிக்குச்சி விரல் நீளத்துக்கு மீந்திருந்தது. கையால் அசைக்க வரவில்லை. சட்டென்று துணியை உதறிக் கத்தரியை எடுத்தார். வேறு யாரும் தொட்டால் சண்டைக்கு வருவாரே, அதே கத்தரி. அதன் விரல் வளையத்தைக் குச்சியின் தலையில் மாட்டி இழுத்தார்.

"செகண்டு போட்டாச்சு! உடுங்க தம்பி வண்டியை!"

அடடா, அந்தப் பயணம்! மனிதர் காருக்குள் குப்புறக் கிடக்கிறார், ரோடு தெரியாது, ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு, நான் சொல்வதற்கு முன்பே கத்தரியால் கியர் மாற்றுகிறார். "இப்ப பாரு தேர்டு! இப்ப பாரு டாப்பு!" என்று கீழேயிருந்து கத்துகிறார். முதலாளி தன்னை மறந்து, "அப்புடித்தான் மாஸ்டர், உடாதீங்க!" என்று டேஷ்போர்டில் தட்டுகிறார். நான் பாட்டுக்கு ஹாரனை அமுக்கிக்கொண்டே பறக்கிறேன். அந்த வேகத்தில் அந்த வண்டி அதற்கு முன்னும் ஓடவில்லை, அதற்குப் பின்னும் ஓடவில்லை.

ஓட்டல் வாசலில் பையர் தன் பெட்டியோடு நின்றிருந்தார். எங்கள் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. பின்கதவு திறந்து, தலை முதல் கால் வரை கிரீஸோடு, கையில் கத்தரியோடு ஒரு உருவம் இறங்கியதைப் பார்த்து அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"தொட்டுப்போடாதீங்க மாஸ்டர்!" என்று கத்திக்கொண்டே முதலாளி பெட்டியைத் திறந்தார். இரண்டு டி-ஷர்ட்டுகள். ஒன்று துவைக்காதது, ஒன்று துவைத்தது. பையர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். துவைத்ததைக் கார் பானெட் மேல் விரித்தார். நெஞ்சை அளந்தார், நீளத்தை அளந்தார். திரும்பவும் அளந்தார். காலையிலிருந்து பார்த்த சாம்பிள் எல்லாம் துவைத்தால் சின்னப் பிள்ளை சட்டையாகிவிட்டதாம். இது மட்டும் அவர் கேட்ட அளவிலேயே அப்படியே நிற்கிறதாம். கையை நீட்டினார். முதலாளி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவர் போன பிறகு முதலாளி மாஸ்டரிடம் வந்தார். "துணிக்குச் சுருக்கம் உட்டீங்க, சரி. இரும்புக்கு ஏனுங்க உட்டீங்க?"

"கை பழகிப் போச்சுங்க மொதலாளி."

"அந்தக் கை அப்புடியே இருக்கட்டுமுங்க" என்று சொல்லி, கிரீஸைப் பற்றிக் கவலைப்படாமல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு கம்பெனி வளர்ந்தது, புதுக் கார்கள் வந்தன. அம்பாசிடரை மட்டும் முதலாளி விற்கவில்லை. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் கம்பியை உள்ளுக்குள் இன்னொரு ஓட்டு ஓட்டச் சொன்னார். கியரை முன்னால் கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்டபோது, "அது மாஸ்டர் சீட்டுங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் இப்போது இல்லை. நான் வைத்திருப்பது தானாகவே கியர் மாற்றிக்கொள்கிற கார். புகையும் வராது, பாட்டும் பாடாது. ஆனாலும் கருமத்தம்பட்டி மேட்டில் ஏறும்போது, "மாஸ்டர், செகண்ட்!" என்று வாய் சொல்லிவிடுகிறது. வண்டி மெல்ல ஒரு தடவை குலுங்கி கியர் மாறுகிறது. தானாக மாறியது என்று என் மகன் சொல்கிறான். பின்சீட்டில் படுத்திருக்கிறவரை அவனுக்குத் தெரியாது.