சாக்குப் போர்த்திய தத்துவஞானி

வாயைத் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றியிருந்த புதிது. திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு, மைசூரில் ரயில்வேயில் இருந்த அத்தான் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஓர் ஓவியக்கூடத்தில் வழிகாட்டி வேலைக்கு இன்டர்வியூ. கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலில் ஊருக்கு வா என்று அப்பா கார்டு போட்டிருந்தார். எனக்கோ மைசூரை விட்டுக் கிளம்ப மனசே இல்லை. (அக்கா சமையல் அப்படி!)

உள்ளே மூன்று பேர். நடுவில் ஜரிகைத் தலைப்பாகை கட்டிய பெரியவர். மேஜைமேல் ஒரு படம். மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் யாரோ வரைந்த தத்துவஞானி. முரட்டுத் துணியில் கிழிந்த அங்கி, மடியில் மூடிய புத்தகம், உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"முகபாவம், குறியீடு இரண்டையும் விளக்குங்கள்" என்றார் பெரியவர், இங்கிலீஷில்.

விடுவேனா? மூடிய புத்தகம், படித்தது போதும் என்ற ஞானம் என்றேன். ஏறியிருந்த இடது புருவம் சந்தேகம். ஏறாத வலது புருவம், அந்தச் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம். கால்மணி நேரம் போயிருக்கும். பெரியவர் கையை உயர்த்தி, "சாக்கு" என்றார்.

அட, இவருக்குத் தமிழ் தெரியுமா! அந்த முரட்டு அங்கியைத்தான் கேட்கிறார்!

"சாக்குதான் சார் இந்தப் படத்துக்கே உயிர்!" என்று தமிழிலேயே பிடித்துக்கொண்டேன். பட்டு கிடைத்தும் சாக்கைப் போர்த்திக்கொண்ட மகான் என்றேன்.

"சாக்கு, சாக்கு!"

என்ன ஆர்வம் மனுஷனுக்கு! சாக்கின் ஓட்டை, ஓட்டையின் உட்பொருள் என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எழுந்து நின்று கைகூப்பினார். சாக்கின் மேல் இவ்வளவு பக்தியா என்று நானும் எழுந்து கும்பிட்டேன்.

மூவரில் ஓரத்தில் இருந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "தம்பி, சார் தமிழ் பேசலை. கன்னடத்துல 'சாக்கு'ன்னா 'போதும்'னு அர்த்தம்ப்பா."

ஞானியின் சிரிப்பு யாரைப் பார்த்து என்பது அப்போதுதான் விளங்கியது.

வேலை போச்சு. பெட்டியைக் கட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து நாளா அக்கா பரிமாறுறாளே, ஒருநாளாவது 'போதும்'னு சொல்லியிருக்கியா? சொல்லியிருந்தா, 'சாக்கா?'ன்னு கேட்டு அப்பவே கத்துக்கொடுத்திருப்பேன்டா!"

மறுநாள் தேவராஜ மொஹல்லாவில் தனக்குத் தெரிந்த தமிழர் ஒருவரின் அரிசி மண்டிக்கு என்னைக் கூட்டிப் போனார். "பையன் சாக்கைப் பத்தி அரைமணி நேரம் பேசுவான்ண்ணே" என்றார். மண்டிக்காரர் அங்கேயே சேர்த்துக்கொண்டார்.

இப்போது அதே பேட்டையில் எனக்கே ஒரு மண்டி. வாடிக்கையாளரிடம் நான் நீட்டி முழக்கினால் உள்ளேயிருந்து என் மனைவி "சாக்கு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். போன வாரம் சேலத்திலிருந்து வந்த புது லோடுமேன், குரல் கேட்டதும் காலிச் சாக்கோடு ஓடி வந்து நிற்கிறார்.