பருத்திப்பட்டு ஜெர்மனி

மைக்கைக் கண்டால் நிதானம் இழக்கும் வியாதி சிலருக்கு உண்டு. எனக்கு அது பிறவியிலேயே இருந்தது. பி.ஏ. வரலாறு படித்ததும் முற்றிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேனாம்பேட்டில் எங்கள் தெருப் பொங்கல் விழா. மாமியாரா மருமகளா என்று வருஷா வருஷம் பட்டிமன்றம் நடத்திச் சலித்துப்போன நடுவர் (வரலாற்று வாத்தியார்), அந்த முறை தலைப்பை மாற்றிவிட்டார்: 'முதல் உலகப் போருக்குக் காரணம் ஆஸ்திரியாவா, ஜெர்மனியா?' கூட்டம் என்னவோ வழக்கம்போல சுண்டலுக்காகத்தான் வந்தது.

ஜெர்மனிதான் குற்றவாளி என்பது என் அணி. அம்மா பட்டுப்புடவை கட்டச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பருத்திப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னை எனக்குத் தெரியாமல் பார்த்துப்போக வருகிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது, என்னைத் தவிர. பிடித்தால் மறுநாள் பூவோடு வருவார்கள். பிடிக்காவிட்டால் பட்டிமன்றம் பார்க்க வந்ததாகப் பேர். 'பொண்ணு வாயாடி' என்று ஏற்கெனவே சில வரன்கள் தட்டிப்போனதால் அம்மாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மேடையேறினேன். "அடித்தது ஆஸ்திரியா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நீ போய் அடி, பின்னால் நான் இருக்கிறேன்' என்று தைரியம் கொடுத்தது யார்? ஜெர்மனி!"

கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் ஒருவரை உதாரணத்துக்கு இழுக்காவிட்டால் பட்டிமன்றப் பேச்சாளருக்குச் சோறு இறங்காது. முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர் கண்ணில் பட்டார்.

"இதோ, இந்த ஐயாவைப் பாருங்கள்! கல்யாணப் பந்தியில் இவர் மச்சான் தகராறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐயா என்ன செய்வார்? மீசையை முறுக்கி, 'வுடாத மச்சான், நான் கீறேன்' என்பார். மண்டபமே ரணகளம். ஐயாதான் ஜெர்மனி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவர் எழுந்தார்.

"திருவேற்காட்டு மண்டபத்துல நடந்தத யாரும்மா உங்கிட்ட சொன்னது?"

மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினேன். பெரியவர் விடவில்லை.

"நான் இன்னா, அடிக்கவா சொன்னேன்? பாத்துக்கறேன்னுதானே சொன்னேன்! அவன் சாம்பார் வாளியத் தூக்குவான்னு எனக்கு இன்னா தெரியும்?"

நடுவர் பரவசமாக மைக்கைப் பிடுங்கினார். "ஜெர்மனியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது! தீர்ப்பு முடிந்தது, சுண்டல் வாங்கிக்கொள்ளலாம்."

அந்த மீசைக்காரர்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன், அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்பதை வீட்டுக்கு வந்துதான் அம்மா சொன்னாள். "உலகப் போருக்கு யார் காரணமோ, என் தலையெழுத்துக்கு நீதாண்டி காரணம்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அம்மா பூவோடு வந்து நின்றார்.

"எங்க அண்ணன் மூஞ்சிக்கு நேரா இத்த சொல்ல எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தில் இல்ல. இந்தப் பொண்ணுதான் எனக்கு வோணும்."

அவருக்குப் பின்னால், யார் கண்ணையும் பார்க்காமல், மாமா பழத்தட்டோடு நின்றார்.

மேடை போட்ட காலி மனையில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தக் குழாய் ஸ்பீக்கர் சத்தத்துக்கு மனசு இன்னும் ஏங்குகிறது. மாமாவுக்கு மீசை முழுக்க வெளுத்துவிட்டது. எனக்கும் கணவருக்கும் சண்டை முற்றினால், ஆதரவு திரட்ட இருவரும் முதலில் போன் செய்வது அவருக்குத்தான். உடனே வந்துவிடுவார். வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்குவார்.

"நான் இப்ப சுவிட்சர்லாந்தும்மா. காபி கீதா?"