கடலுக்குப் பக்கத்தில் ஒரு நன்றியுரை

உ

தோன் தாட் தியேப் தெரு,
சைகோன்.
23 ஜனவரி 1963, புதன்கிழமை.

தேவகோட்டை அம்மான் சிவசுப்பிரமணியன் செட்டியார் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் சொக்கநாதன் இங்கிருந்தே கும்பிட்டு எழுதிக்கொள்வது. முருகன் அருளால் அங்கே யாவரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் இருக்கிறோம். சௌக்கியத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உறுதிப்பட்ட செய்தி. தங்கள் மகள் நாச்சியார் இன்று காலை மூன்று இட்டிலி சாப்பிட்டாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு ஆதாரம் எங்கள் சமையல்காரர் வடிவேல். நேரில் கேட்டு எழுதினால் என்ன என்று தங்களுக்குத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து நாச்சியார் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர். இருவர் பேசுவதை மூன்றாமவர் தூக்கிச் சுமக்கிறார். நேற்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடிவேல் வந்து, "ஐயா, மோரு ஊத்தவான்னு ஆச்சி கேக்கச் சொன்னாக" என்றார். "கொஞ்சம்" என்றேன். அவர் திரும்பி, எனக்கு மூன்றடி தள்ளி மோர்ச் சட்டியோடு நின்றுகொண்டிருந்த நாச்சியாரிடம், "கொஞ்சம் போதுமாம் ஆச்சி" என்றார். அவள் நிறைய ஊற்றினாள்.

இரண்டாவது செய்தி இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். நாச்சியார் ஊருக்குத் திரும்பப்போகிறாளாம். இதுவும் வடிவேல் வழியாக வந்ததே. அவர் சொன்னபடியே தருகிறேன். "ஏரோப்ளேன் வேணாமாம், கப்பல்தானாம். சிங்கப்பூரு வரைக்கும் கடலு, அங்கிட்டிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கடலாம். நடுவுல தலைவரு யாரும் எந்திரிச்சுப் பேச மாட்டாகள்ல, அப்படின்னு கேட்டாக." அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று வடிவேலைக் கேட்டேன். "அது கப்பலப் பொறுத்துங்க ஆச்சின்னு சொல்லி வச்சேன்" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. கொண்டுவிற்கக் கடல் தாண்டிப் போகிறவன் பின்னால் பெண்ணை அனுப்பும் வழக்கம் நம்மில் இல்லை. ஊரே வாய்க்கு வந்ததைப் பேசியபோதும் தாங்கள் ஒருவர்தான் மனமிரங்கி அனுப்பினீர்கள். மீனம்பாக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, அவ ஒண்ணும் கேக்க மாட்டா. கேட்டுட்டாள்னா செஞ்சு குடுத்துருங்க" என்றீர்கள். வந்த ஐந்து மாதத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கடல் பார்க்க வேண்டும். ராமேசுவரத்துக் கடலை அவள் பார்த்திருக்கிறாள். அது ஊருணியைப் போலக் கிடக்கும். விமானத்தில் வந்தபோதோ கீழே முழுக்க மேகம். "கோவிச்சுக்கிட்டு வந்து பாறையில மோதுமாம்ல, அந்தக் கடல ஒரு தடவ பாக்கணும்" என்றாள். நான் செய்த பிழை, அந்த ஆசையை எங்கள் தமிழர் நல்லுறவு மன்றத்திடம் ஒப்படைத்தது ஒன்றுதான். காரைக்குடி வாரப் பத்திரிகைக்கு இருபது வருஷமாகச் சைகோன் செய்தி அனுப்பி வருகிறவன் என்ற முறையில், நடந்ததை நடந்த வரிசையில் தருகிறேன். தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து கிழக்கே ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டிப் போனால் வுங் தாவ் என்ற முனை இருக்கிறது. பிரெஞ்சு பேசுகிறவர்கள் இன்னும் 'காப்' என்றுதான் சொல்வார்கள். அதன் பின்பக்கக் கடற்கரையில் தை மாதக் காற்றுக்கு அலை பனை உயரம் எழும்பிப் பாறையில் உடையும். போய்வர ஒரு நாள். இவர்களுடைய வருஷப் பிறப்பான தேத் பண்டிகை நெருங்குகிற சமயத்தில் வண்டி கிடைப்பது அரிது. ஆனாலும் மன்றத் தலைவர் மொசியே ரோஜே ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அவர் புதுச்சேரிக்காரர், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், விண்ணப்பம் எழுதுவதில் அவருக்கு இணை கிடையாது. இந்நாளில் இத்தனை பேர் கூட்டமாகப் புறப்பட வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். சும்மா கடல் பார்க்கப் போகிறோம் என்று எழுதினால் எந்த அதிகாரி நம்புவார் என்று யோசித்து, 'பொதுக்கூட்டம்' என்று எழுதினார். அனுமதி கிடைத்தது. கூட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு போலீஸ்காரரும் கிடைத்தார். இப்படித்தான் கடல் பார்க்கும் பயணத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டாயிற்று. நிரல் என்று வந்த பிறகு வரவேற்புரை இல்லாமல் முடியுமா? வரவேற்புரை இருந்தால் தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை. மன்றச் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை என் தலையில் விழுந்தது. நானாகக் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மொசியே ரோஜே மாதா கோயிலில் பூசை கண்டு வருவதற்கே ஏழாகிவிட்டது. பிறகு தேங்காய் உடைத்தோம். பஸ் வாசலில் நாடா கட்டி வெட்டினோம். ஓட்டுநருக்கு மல்லிகை மாலை போட்டதும் அந்த வியட்நாமியர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். பிறகு எங்கள் வழிகாட்டியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். வழிகாட்டியின் பெயர் அந்துவானேத். தகப்பனார் புதுச்சேரி, தாயார் இந்த ஊர். மூன்று பாஷையிலும் துடுக்காகப் பேசக்கூடிய பெண். "யாரு செத்துட்டாங்கன்னு கேக்குறாரு. பெட்டிய மேல ஏத்தணும்னா தனி வாடகையாம்" என்றாள். வெள்ளைப் பூ இவர்களுக்குத் துக்கத்துக்கு உரியது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் மனம் சமாதானமாக இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. வழியில் பாலத்தடியில் பட்டாளத்துச் சோதனை. எங்கள் துணிப் பதாகையில் இருந்த எழுத்தைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம் வந்து, முழுக்க விரித்துக் காட்டச் சொன்னார்கள். பதாகை விரிந்ததைக் கண்டதும் மொசியே ரோஜே பழக்க தோஷத்தில் பேசத் தொடங்கிவிட்டார். "மொசியே, இது செக்போஸ்ட்" என்று அந்துவானேத் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

காப்பில் இறங்கும்போது நடுப்பகலுக்கு அதிக நேரம் இல்லை. மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைவது மட்டும் கேட்டது. இடி இடிப்பதுபோல் இருந்தது. நாச்சியார் புடைவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே மேட்டை நோக்கி நடந்தாள். மொசியே ரோஜே குறுக்கே வந்து நின்றார்.

"மாடாம், முதல்ல கூட்டம். கடல் எங்க போயிடப் போகுது?"

"கடல் போகாது மொசியே, பஸ் போயிடும்" என்றாள் அந்துவானேத். "இருட்டினா ரோட்ட மூடிடுவாங்க. மூணு மணிக்குக் கிளம்பியாகணும்."

"அதத்தான் நானும் சொல்றேன். கூட்டத்தச் சட்டுனு முடிச்சுட்டா அப்புறம் கடலே கடல்னு கெடக்கலாம். என்ன செக்ரெத்தேர், நான் சொல்றது?"

செயலாளர் நான். தலைவர் சொன்னதை மறுத்துப் பேசுவது எங்கள் மன்றத்தில் வழக்கமில்லை. ஆமாம் என்றேன். நாச்சியார் கொசுவத்தை விட்டாள்.

மணலில் கூட்டம் நடத்தத்தான் முதலில் ஏற்பாடு. காற்று இடம் கொடுக்கவில்லை. பதாகை பிய்த்துக்கொண்டு போய்ப் போலீஸ்காரரைச் சுற்றிக்கொண்டது. தலைமையுரையின் நான்காம் பக்கம் தலைவர் கையிலிருந்து பறந்து மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் மன்றத்தின் சார்பில் முதலில் கடலைப் பார்த்தது அந்தப் பக்கம்தான். ஆகவே பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு பழைய விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் எல்லோரும் போய், காகிதம் பறக்காமல் இருக்க மரச் சன்னல்களைச் சாத்திக்கொண்டோம். தலைமையுரையின் பொருள், கடலின் பேரழகு. மொசியே ரோஜே உருகிப் பேசினார். வெளியே அலை வந்து அறையும்போதெல்லாம் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து நிறுத்தி, "மெர்சி, மெர்சி" என்று கும்பிட்டார். வானும் நீரும் ஒன்றாகக் கலக்கும் காட்சியை அவர் வருணித்துக்கொண்டிருந்தபோது ஒரு சன்னல் படாரென்று திறந்துகொண்டது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைச் சாத்தி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார்கள். கூட்டத்தைக் கண்காணிக்க வந்த போலீஸ்காரரும் ஓட்டுநரும் உள்ளே வரவில்லை. மேட்டின்மேல் குந்தி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அறிகிறேன்.

வாழ்த்துரைகள் முடிந்து, நாச்சியார் கிளறி எடுத்து வந்த புளியோதரையைக் கூட வந்திருந்த வடிவேல் பரிமாறச் சாப்பிட்டு, கடைசியில் என் முறை வந்தது. நீளமாகப் பேசியதாக என்மேல் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. பதினொரு பக்கம்தான். நன்றியுரையில் ஒரு பெயரை விட்டுவிட்டால் அவர் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அனுமதி தந்தவர், அனுமதிக்கு முத்திரை வைத்தவர், பஸ் தந்தவர், தருவதாகச் சொல்லித் தராதவர், அண்டா இரவல் கொடுத்தவர், அதற்கு மூடி கொடுத்தவர் என்று ஒருவரையும் நான் விடவில்லை. பதினோராம் பக்கத்தில் தங்கள் மகளுக்கு என்று தனியாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். "கடல் கடந்து வந்து, இதோ என் எதிரே மூன்றாம் வரிசையில் வீற்றிருக்கும் என் இல்லாள் நாச்சியார்" என்று தொடங்கி, புளியோதரைக்கும் இந்தப் பயணத்துக்கே காரணமான அவளுடைய ஆசைக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். அவள் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டாள். அப்போது எழுந்த கைதட்டல் பலமானது. அதில் அலையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன்பின் நாட்டுப்பண். எந்த நாட்டுக்கு என்று கேள்வி எழுந்தது. இந்தியாவுக்கு என்றார்கள் எங்கள் பக்கம். பிரான்சுக்கு என்றார்கள் மொசியே ரோஜே பக்கம். நிற்கிற மண்ணுக்குப் பாடாவிட்டால் போலீஸ்காரர் என்ன நினைப்பார் என்றார் ஒருவர். மூன்றையும் பாடினோம். புதுச்சேரி கைமாறியதிலிருந்து தாங்கள் எந்த நாடு என்று இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் மூன்றுக்கும் அசையாமல் நின்றார்கள். மூன்றாவது முடிவதற்குள் ஓட்டுநர் ஹாரனை அமுக்கிவிட்டார். எல்லோரும் ஓடினோம். மணல்மேட்டின் அந்தப் பக்கத்தை, நான் அறிந்தவரை, உறுப்பினர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நாச்சியார் சன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். புடைவை முழங்கால் வரை நனைந்திருந்தது. தண்ணீர்க் கூஜா சாய்ந்திருக்க வேண்டும். "நம்ம பேச்சு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அன்றிலிருந்து இன்று வரை பேச்சில்லை. கடலைப் பார்க்க முடியாமல் போன ஏக்கம்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஏக்கத்துக்கு மொசியே ரோஜே, அனுமதிச் சீட்டு, காற்று, ஓட்டுநர் ஆகிய நால்வரும் பொறுப்பு. ஐந்தாவதாக யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கப்பல் டிக்கெட் விற்கும் கந்தோர் தேத் பண்டிகைக்காக நாளை மூடி, வரும் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். அதற்குள் தங்களிடமிருந்து 'பொறுத்திரு' என்று ஒரே சொல் தந்தியில் வந்தால் அவள் கேட்பாள். நான் சொன்னால் கேட்பாளா என்பதை, பேச்சுவார்த்தை இல்லாததால், சோதித்துப் பார்க்க முடியவில்லை. அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

அத்தை அவர்களுக்கும் பெரியவர்கள் யாவருக்கும் என் வணக்கம். சிறியவர்களுக்கு என் ஆசி. தங்கள் முழங்கால் வலி குறைய வயலூரானை வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
சொக்கநாதன்

பி.கு.: அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் நாச்சியா கும்பிட்டுக்கிறேன். தபாலுக்குக் கொண்டுபோகையில வடிவேலு இதக் குடுத்தான். ஒட்டல்ல, படிச்சுட்டேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காக, ஒண்ணத் தவிர. நான் கடலப் பாத்துட்டேன் அப்பச்சி. இவுக மொத பக்கம் படிக்க ஆரம்பிச்சதும், "அக்கா, பின்னால ஒரு கதவு இருக்கு, வாங்க"ன்னு அந்துவானேத்து கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. எம்மாம் பெருசுங்கிறீக! பாறையில ஏறி, அங்கிட்டு நின்னு, அப்புறம் மொத்தமா வந்து விழுது. நான் கத்துனேன். அந்தப் புள்ளையும் கத்துச்சு. உள்ள ஒருத்தருக்கும் கேக்கல்ல. ஓடியாந்து இவுககிட்டச் சொல்லணும்னு பறந்து வந்தா, கைதட்டிக்கிட்டு இருக்காக. எதுக்குன்னு வடிவேலக் கேட்டேன். "உங்களுக்குத்தான் ஆச்சி. ஐயா இப்பத்தான் உங்க நாக்காலிக்கு நன்றி சொன்னாக"ன்னான். தலகுனிஞ்சு ஏத்துக்கிட்டது அந்த நாக்காலிதான் போல. போனதும் தெரியல்ல, நனஞ்சுபோயி வந்து பக்கத்துல உக்காந்ததும் தெரியல்ல. கப்பல்ல ஏறிட்டா இங்கன ஒரு ஆளு கொறையுதுன்னாவது தெரியும்லன்னுதான் அப்படிச் சொல்லிவிட்டேன். தந்தி எல்லாம் வேணாம். கந்தோர் செவ்வாக்கெழமைதான் தொறக்குது. அதுக்கு முந்தி ஞாயித்துக்கெழம அந்துவானேத்து வீட்டுக் காருல மறுபடியும் கடலுக்குப் போறோம். காருல ஒரு எடம் இருக்கு. கையில காயிதம் இல்லாம வர்றதா இருந்தா வரலாம்னு வடிவேலுகிட்டச் சொல்லிவிட்டிருக்கேன். பதிலு இன்னும் வரல்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துரும்னு வடிவேலு சொல்றான்.