பனி படாத சப்பாத்து

மொன்ட்ரியாலில் முகத்தைப் பார்க்காமலே மனிதர்களைக் கண்டுபிடித்த ஒரே ஆள் சப்பாத்து அண்ணைதான். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை. யாரைக் கண்டாலும் கண் நேரே காலுக்குப் போகும். மகளுக்கு மாப்பிள்ளையையே சப்பாத்தின் அடி தேய்ந்த விதத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்பார்கள்.

தொண்ணூறுகளில் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு குளிர்காலம் படிவத்தோடு வந்தார். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் அறை மேல்மாடியில். உடல் ஏலாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் கீழே மாற்றலாம் என்றார்களாம். முதலில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் எல்லா வீட்டிலும் "ஒருவரும் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தோம்; அதனால்தான் இம்முறை தமிழரான அண்ணையை அனுப்பியிருந்தார்கள்.

நானும்தான். என் மனைவிக்கு ஏழு மாதம். வலது காலில் போலியோ. படியேற நான்தான் தாங்க வேண்டும். ஆனால் எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. கால் ஏலாது என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

"ஒருத்தரும் இல்லை அண்ணை" என்றேன்.

அவர் குனிந்து வாசலில் கிடந்த சப்பாத்தைத் தூக்கினார். "அப்ப இது பேயின்ரையோ? வலது நுனி மட்டும் அரைச்ச மாதிரிக் கிடக்கு. ஆர் காலை இழுத்து நடக்கிறது?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "நான்தான் அண்ணை. என்னைத் தாங்கி இவருக்கும் இடுப்புப் பிடிச்சிட்டுது. ரெண்டு பேராப் போடுங்கோ."

அவர் எதிர்வீட்டு வாசலில் கிடந்த சப்பாத்துகள் பக்கம் திரும்பினார். "இந்தச் சோடி பனியே காணேல்லை. வெளிக்கிடாத ஆள் ஆர்?"

கதவு மெல்லத் திறந்தது. கண் தெரியாத ஒரு மனிதர். மூன்று வருடமாய் அந்த வீட்டுக் கறி வாசத்தில் என்ன மீன் என்று சொல்வேன்; இப்படி ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது.

அன்றே எங்கள் சப்பாத்துகளை உள்ளே மெத்தைக்கடியில் ஒளித்தேன். பனி உருகி மெத்தை நனைந்தது. இரண்டு வாரத்தில் பிரெஞ்சில் ஒரு கடிதம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கடிதத்தோடு அண்ணையிடம் ஓடினேன்.

"அறையைக் கீழை மாத்தீட்டாங்கள். மனுசியைக் கூட்டிக்கொண்டு போம்" என்றவர் என் காலைப் பார்த்தார். "இந்தக் குளிருக்கை செருப்போடையே வந்தனீர்?"

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் இரண்டு சோடிச் சப்பாத்து, இரண்டும் ஈரம். ஒன்று அண்ணையுடையது; மற்றது பனி காணாத அந்தச் சோடி.

அண்ணை இப்போது இல்லை. மனைவியின் சப்பாத்தை மட்டும் நான் இன்றும் வாசலிலேயே, வலது நுனி தெரியும்படி வைக்கிறேன்.